நமி பிறந்த இடம்

ஜிகோசென்,
ஜூன் 3

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மழைக்காலம் நெருங்கிவிட்டது போலிருக்கிறது. காலையிலிருந்து கடல் ஈயம் உருக்கி ஊற்றியதைப் போல அசையாமல் கிடக்கிறது. தீவில் நீங்களும் விடுதியில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் குழந்தையும் நலம்.

நலம் என்று எழுதிவிட்டேன். ஆனால் நேற்று அவளுக்கு விக்கல் நிற்கவே இல்லை. தொப்புள்கொடியும் இன்னும் விழவில்லை. ஓரம் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. வீட்டுக்கார தோமெ அக்கா, "நீ இப்படி அவுத்து அவுத்துப் பாத்தா அது எப்படிக் காயும்? காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?" என்று கேட்டுவிட்டு, சிப்பி வளர்ப்புக்குக் கம்பியில் ஓடு கோக்கப் போய்விட்டாள்.

நீங்கள் எடுத்துக் கொடுத்த அறை கடலைப் பார்த்து இருக்கிறது. கண்ணை உயர்த்தினால் மியாஜிமா. கடலுக்குள் நிற்கும் கோயிலின் சிவப்பு வாசல் இங்கிருந்து தீக்குச்சி அளவுதான். கரையோரக் கடைசிக் கூரை நம் விடுதி. கப்பல் ஏறினால் ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடலாம். ஆனால் பிள்ளை பெற்றவள் நூறு நாள் கழியாமல் வரக் கூடாது. ஒரு வருடம் முன்பு கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

தீவில் பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது, வயிற்றுப் பெண்கள் முன்கூட்டியே அக்கரைக்குப் போய்விட வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது, "இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே அத்தை" என்று கணக்குச் சொன்னது நான்தான். கியோட்டோவிலிருந்து என் பேராசிரியையும் தோழிகளும் வருகிறார்கள் என்று தள்ளிப்போட்டதும் நான்தான். பட்டு உடுத்திக்கொண்டு, ஒரு பெரிய விடுதியின் சின்ன எஜமானியாக அவர்கள் முன் நடக்க ஆசைப்பட்டேன். அன்று காலையே வலி வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் படகில் என் காதில் சொன்னபடி நான் வாய் திறக்கவில்லை. எல்லோரும் குழந்தை படகில் பிறந்தது என்றே நினைக்கிறார்கள். ஆனால் அத்தை, அவள் பிறந்தது விடுதியில், மெத்தைகள் அடுக்கி வைக்கும் அறையில். உங்கள் உடைக்குள் மறைத்துத்தான் அவளை ஏற்றினீர்கள்; அழுதது மட்டும்தான் படகில். அதுவும் நீங்கள் குதிகாலில் கிள்ளியதால். இதைத் தெரிந்தவர்கள் நாம் இருவர் மட்டுமே என்பதால் உங்களிடமே எழுதுகிறேன். மன்னியுங்கள்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இக்குயோ

*

மியாஜிமா,
ஜூன் 5

இக்குயோவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை ஆரம்பித்துவிட்டது, எல்லோரும் நலம்.

தொப்புளைத் தொடாதே. தானாக விழும். விழுந்ததும் காயவைத்துப் பெட்டியில் எடுத்து வை. கெண்டை மீன் இரண்டு இசோகிச்சியின் படகில் அனுப்புகிறேன். தோமெயிடம் கொடுத்து மிஸோக் குழம்பில் வேகவைக்கச் சொல். பால் ஊறும். கசந்தாலும் குடி.

கப்பலில் இருக்கும் மோரியோவுக்குத் தந்தி அடித்தாயிற்று. பெண், படகில், நலம் என்று. அவன் இலையுதிர்காலத்துக்கு முன் கரைக்கு வரமாட்டான்.

மற்றதை எழுதாதே. கடிதம் பல கை மாறி வருகிறது.

ஷிகெனோ

*

ஜிகோசென்,
ஜூன் 14

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கெண்டை மீனுக்கு நன்றி. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடித்தேன். தொப்புள்கொடி விழுந்துவிட்டது. இப்போது அவள் தும்முகிறாள். தும்மல் எதனால் என்று தோமெ அக்காவைக் கேட்டேன். "மூக்கு இருக்கறதால" என்றாள்.

எழுத வேண்டாம் என்றீர்கள். இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இசோகிச்சி கெண்டையோடு தன் பங்குக்கு ஒரு பெரிய சிவப்பு மீனும் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே, "என் படகுப் பொண்ணு எப்படி இருக்கா?" என்றார். உள்ளே கூப்பிட்டேன். கையைக் கடல் தண்ணீரில் ஒருமுறை, கிணற்றுத் தண்ணீரில் ஒருமுறை கழுவிவிட்டு வந்து, தூக்கமாட்டேன், பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். பிறகு தூக்கினார்.

"சின்னம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. தீவுல யாராச்சும் செத்தா இந்தக் கரைக்குக் கொண்டாந்து புதைக்கணும் இல்லையா, எங்கப்பா காலத்துலேருந்து அந்த வேலை எங்க படகுதான். ராத்திரி பகல்னு பாக்காம பொணத்த ஏத்திட்டு வந்திருக்கேன். என் பொண்டாட்டியவே ஏத்திட்டு வந்தேன். மத்த படகுக்காரன் எவனும் என் படகுக்குப் பக்கத்துல கட்டமாட்டான். அதுல ஒரு உசுரு பொறந்துச்சும்மா. நான் துடுப்புப் போட்டுக்கிட்டே இருக்கேன், பின்னாடி 'குவா'ன்னு சத்தம். அன்னிக்கு நான் துடுப்ப விட்டுட்டேன், படகு சுத்தவே ஆரம்பிச்சிடுச்சு."

அத்தை, நான் தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் துணியைச் சரிசெய்தேன். சரியாகத்தான் இருந்தது.

போகும்போது வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். "அலை மேல பொறந்தவ. நமின்னு வெச்சா எப்படி இருக்கும்? நான் சும்மா சொன்னேன். பெரிய வீட்டு விஷயம், எனக்கென்ன" என்றார். அலை என்பதையே பெயராக வைக்கச் சொல்கிறார். என்ன காரணம் சொல்லி மறுப்பேன்?

உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறேன். மழையில் நனையாமல் இருங்கள்.

இக்குயோ

*

மியாஜிமா,
ஜூன் 16

இக்குயோவுக்கு,

மழை ஓயவில்லை. நலம். நீயும் அப்படியே இரு.

நமி என்றே இருக்கட்டும். மோரியோவுக்கு எழுதிவிடு.

கல்லூரிப் பேராசிரியை நன்றிக் கடிதம் போட்டிருக்கிறார். தீவின் அழகை உன் வாய்விளக்கத்தோடு பார்த்தது மறக்க முடியாதது என்று எழுதியிருக்கிறார். உனக்கு அனுப்பவில்லை. இங்கேயே இருக்கிறது.

ஷிகெனோ

*

ஜிகோசென்,
ஜூன் 30

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

இன்று மழை நின்று வானம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. நமி ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பிப் படுக்கிறாள், தலை சப்பையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மற்றபடி நலம். தங்கள் நலத்தை எழுதுங்கள்.

பேராசிரியையின் கடிதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாய்விளக்கம் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் அந்தக் கடிதத்தை நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் தாங்கவில்லை.

அன்று கடல் நீர் வடிந்ததும் அவர்களைச் சிவப்பு வாசலின் அடி வரை அழைத்துப் போனேன். சேற்றில் கால் வைக்கும்போதெல்லாம் இடுப்பில் வலி சுற்றிக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே நடந்தேன். திரும்பி வந்து தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது ஒரு தோழி என் வயிற்றைக் காட்டிக் கேட்டாள்: "இந்தத் தீவுல யாரும் பொறக்கவே கூடாதாமே, நிஜமாவா? அப்போ நீ என்ன செய்வே?" நான் சொன்னேன்: "அதெல்லாம் கிழவிகள் கட்டின கதைடி. எங்க மாமியாருக்குப் புள்ளத்தாச்சிய விடத் தெருவுல சுத்தற மான் மேல அக்கறை அதிகம்." எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது நான்.

அன்று மாலையே உங்கள் கைகளில் அவளைப் பெற்றேன். மாடியில் அவர்கள் பாட்டும் கைதட்டலுமாக இருந்தார்கள். என் வாயில் நீங்கள் துண்டைத் திணித்தீர்கள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

என் அகம்பாவத்தால் உங்கள் தீவு கறைபட்டது, என்னால் நீங்கள் பொய் சொல்ல வேண்டி வந்தது. இசோகிச்சியிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாமா? அவர் வாரம் தவறாமல் மீன் கொண்டுவருகிறார். ஒவ்வொரு மீனும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அனுமதி கொடுங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

இக்குயோ

*

ஜிகோசென்,
ஜூலை 15

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வெயில் கடுமையாகிவிட்டது. தாங்கள் நலமா? என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒரு நாளில் போய்ச் சேரும் கடிதம் இரண்டு வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்க எனக்குத் தெம்பு இல்லை. கோபமாக இருக்கிறீர்கள். நியாயம்தான்.

நேற்று திருவிழா. மாலையில் சாமியை ஏற்றிய இசைப் படகு தீவிலிருந்து புறப்பட்டு எங்கள் கரைக்கு வந்தது. ஊரே கரையில் நின்றது. நான் மட்டும் சன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு நமியோடு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். தீட்டுக்காரி, அதற்கு மேல் பொய்க்காரி. எந்த முகத்தோடு பார்ப்பது?

தோமெ அக்கா வந்து கதவைத் தட்டினாள். "என்ன உள்ள பூட்டிக்கிட்டு? வேகறதுக்கா?" சொன்னேன், இன்னும் நாள் முடியவில்லை, சாமி கண்ணில் படக் கூடாது என்று. "அடி பைத்தியமே. நீ தீவுக்குத்தானே போகக் கூடாது? சாமியே படகு ஏறி இந்தக் கரைக்கு வருது. சாமிக்குத் தெரியாதா இங்க யார் யார் இருக்காங்கன்னு?" என்று கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள். குழல் இசை உள்ளே வந்தது. விளக்குகள் தண்ணீரில் நீண்டு நீண்டு உடைந்தன. நமி கண் கொட்டாமல் பார்த்தாள். நான் அவள் பின்னால் மறைந்துகொண்டுதான் பார்த்தேன்.

இசோகிச்சியும் வந்திருந்தார். அவர் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "முதலாளியம்மா இந்த வருஷம் கோயில் படித்துறைக்கு வரல. வழக்கமா முன்வரிசையில உக்காருவாங்களே. முழங்கால் முடியலையாம். கோயிலுக்கே போய் ரொம்ப நாளாச்சாம். படையலைக்கூட வேலைக்காரப் பொண்ணு கையில குடுத்து அனுப்பறாங்க" என்றார்.

உங்களுக்கு முழங்கால் வலி என்று எனக்குத் தெரியாது. அன்று மெத்தை அறையில் அவ்வளவு நேரம் மண்டியிட்டிருந்ததாலா? எவ்வளவு வலிக்கிறது? மருத்துவரைப் பார்த்தீர்களா?

இக்குயோ

*

மியாஜிமா,
ஜூலை 18

இக்குயோவுக்கு,

வெயில்தான். நலமாக இருக்கிறேன்.

உன் ஜூன் கடைசிக் கடிதத்தை மான் தின்றுவிட்டது. வேலைக்காரப் பெண் தபாலை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றாளாம். பின்னாலிருந்து உருவி மென்றுவிட்டது. என்ன எழுதியிருந்தாய் என்று தெரியவில்லை. திரும்ப எழுத வேண்டாம்.

முழங்கால் சுமார். எண்ணெய் தடவுகிறேன்.

குழந்தையை மாற்றி மாற்றிப் படுக்க வை, தலை உருண்டையாகும்.

ஷிகெனோ

*

ஜிகோசென்,
ஆகஸ்ட் 10

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

காற்றே இல்லை. நமிக்குக் கழுத்து முழுவதும் வேர்க்குரு. இரண்டு நாள் உடம்பு சுட்டது. மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இப்போது பரவாயில்லை. தாங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

மான் தின்ற கடிதத்தில் நமியின் தலை சப்பையாகிவிடுமோ என்று கேட்டிருந்தேன். அதற்கு நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை, அத்தை. ஒன்றை மட்டும் சொல்லுங்கள். செப்டம்பர் ஆரம்பத்தில் என் நாட்கள் முடிகின்றன. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் தீவில் இறங்குவதில் உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா? இல்லை என்றால், மோரியோ வந்ததும் நாங்கள் ஹிரோஷிமாவில் அறை பார்த்துக்கொள்கிறோம். அவரிடம் காரணம் நான் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் பெயர் வராது.

இன்னொன்று. இருட்டத் தொடங்கியதும் விடுதியின் விளக்குகளைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஓரத்தில் இருக்கும் மெத்தை அறையில் எப்போதும் விளக்கு இருக்காது. இந்தக் கோடையில் தினமும் இருக்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள்?

இக்குயோ

*

மியாஜிமா,
ஆகஸ்ட் 24

இக்குயோவுக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை. மதியத்தில் மான்கள் நிழலை விட்டு நகர்வதில்லை. வேர்க்குருவுக்குப் பீச் மரத்து இலையைக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டு. தோமெ வீட்டுக் கிணற்றடியில் அந்த மரம் உண்டு.

உன் கடிதத்தை மான் தின்னவில்லை. என் இடுப்புப் பட்டிக்குள் இருக்கிறது. வியர்வையில் மை ஊறிப்போயிருக்கிறது. எனக்கு மனப்பாடம் என்பதால் பாதகமில்லை.

நீ சிரித்ததை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அப்போது நான் திரைக்குப் பின்னால் தேநீர்க் கிண்ணங்களோடு நின்றிருந்தேன்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். எழுதுவதற்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

அன்று காலை நீ சமையலறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நகம் வெளுத்திருந்தது. நான் நான்கு பெற்றவள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்போதே இசோகிச்சியைக் கூப்பிட்டு உன்னை அக்கரைக்கு அனுப்பியிருக்க வேண்டும். விடுதி நிறைந்திருக்கிறது, மதியச் சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தேன். மதியம் உன் சிரிப்பைக் கேட்டேன். அதன் பிறகு விடுதியைப் பற்றி நான் நினைக்கவில்லை. மாலைப் படகு வரை கொஞ்சம் வலிக்கட்டும், கிழவிகள் கட்டின கதை என்னவென்று தெரியட்டும் என்று நினைத்தேன். இந்த வயதில், பேரப்பிள்ளை வரப்போகிற வேளையில், அப்படி நினைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றேன். உள்ளே வந்து உனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினேன். நீ நன்றி சொன்னாய்.

முதல் பிள்ளை, நேரம் இருக்கும் என்று என் கணக்கு. உன் கணக்கைப் போலவே என் கணக்கும் தப்பியது.

படகில் அந்த நாடகம் உன் மானத்துக்காக என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கோயிலுக்காக என்று நானே சில நாள் நினைத்துப் பார்த்தேன். இல்லை. "பெரிய வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாளா, எப்படி விட்டாள்?" என்று ஒருவர்கூடக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சிறு குதிகாலைக் கிள்ளினேன். பிறந்த சூடு ஆறாத குதிகால்.

முழங்காலில் ஒன்றுமில்லை. கல் விளக்குகள் தொடங்கும் இடத்தைத் தாண்டிக் கோயிலுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. அந்த ரத்தம் என் முழங்கை வரை இருந்தது. நீ அக்கரையில் நாள் கழிக்கிறாய். நான் அன்றே திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு விருந்தினருக்குச் சோறு பரிமாறினேன். அதன் பிறகு எனக்குத் தனி அடுப்பு வைத்துக்கொண்டேன். மெத்தை அறையில் படுத்துக்கொள்கிறேன். விளக்கு என்னுடையதுதான். இதையும் முழங்கால் என்று சொல்லி ஒளித்துச் செய்தால் அதற்கு என்ன பெயர்?

நீ வரலாமா என்று கேட்டிருக்கிறாய். உன் நாட்கள் முடியப்போகின்றன. என் நாட்கள் இன்னும் தொடங்கவே இல்லை. நீ தீவில் இறங்கும் படகிலேயே நான் ஏறிக்கொள்கிறேன். அந்த அறையை யாருக்கும் விட வேண்டாம் என்று தோமெயிடம் சொல்லிவை. மேப்பிள் சிவக்கும் பருவம் வருகிறது, கூட்டம் தாங்காது. விடுதியை நீ பார்த்துக்கொள்.

ஷிகெனோ

*

ஜிகோசென்,
ஆகஸ்ட் 26

அன்புள்ள அத்தைக்கு,

இன்று முதல் தடவையாகக் காற்று வடக்கிலிருந்து வந்தது. பீச் இலைத் தண்ணீரில் குளித்து நமியின் கழுத்து ஆறிவருகிறது. தாங்கள் சாப்பிடுகிறீர்களா? தனி அடுப்பில் என்ன சமைத்துக்கொள்கிறீர்கள்?

உண்மையைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. நமியின் காலைத் தூக்கிக் குதிகாலைத் தடவிப் பார்த்தேன், இவ்வளவு நாள் கழித்துத் தழும்பா இருக்கப் போகிறது? ஒரு மாலை முழுவதும் விடுதியின் விளக்கைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, நான் சிரிக்கும்போது திரைக்குப் பின்னால் கிண்ணங்களோடு நின்ற உங்களை நினைத்தேன். கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அதன் பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நீங்கள் இந்த வயதில் இங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். அதை எழுதினால் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதோடு, அப்படி எழுத எனக்கு உரிமையும் இல்லை.

இசோகிச்சியிடம் நான் சொல்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் நமியை என் கையிலிருந்துதான் வாங்கிக் கொஞ்சினார்.

இக்குயோ

*

மியாஜிமா,
செப்டம்பர் 1

இக்குயோவுக்கு,

புயல் ஒன்று தெற்கில் இருக்கிறதாம். இங்கே இன்னும் அமைதி. நலம்.

கோயிலில் போய்ச் சொல்லிவிட்டேன். கல் விளக்கருகிலேயே நின்றுகொண்டு பெரிய பூசாரியை வெளியே வரச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "இந்தக் காலத்துல யாரும்மா இப்படியெல்லாம் நாள் பாக்கறாங்க? சட்டமே எப்பவோ போயாச்சு. சீசன் நேரத்துல நீங்க போனா விடுதி என்ன ஆகும்?" என்றார். "உங்களக் கேக்க வரல சாமி, சொல்லத்தான் வந்தேன்" என்றேன். நமியை முதல் தரிசனத்துக்கு எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்றார். நான் திரும்பிய பிறகு மூவருமாகப் போகலாம்.

சாவிக்கொத்து சமையலறைத் தூணில் தொங்குகிறது. சமையற்காரர் கடல்விலாங்கை அடுப்பில் போடும் முன் நீ மோந்து பார். அவர் மூக்கை நம்பாதே. வாசல் கதவைத் தாழ் போடு, இல்லையென்றால் மான் வந்து விருந்தினரின் மிதியடியைத் தின்னும். இது நிஜமாகவே தின்னும்.

ஷிகெனோ

*

மியாஜிமா,
செப்டம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

புயல் நம்மைத் தொடாமல் போய்விட்டது. வானம் உயர்ந்துவிட்டது. அந்த அறையில் மேற்குச் சன்னல் சரியாக மூடாது. இரவில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். தோமெ அக்கா உங்களையும் சிப்பி ஓடு கோக்க உட்கார வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். கம்பி விரலைக் குத்தும், பார்த்து.

நாங்கள் நலம். நமி இப்போது சத்தமாகச் சிரிக்கிறாள். இரண்டாவது மாடிப் படிக்கட்டில் தடுப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தவழ்வதற்கே மாதங்கள் இருக்கின்றன என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

அன்று படித்துறையில் நான் இறங்கினேன், நீங்கள் ஏறினீர்கள். நீங்கள் குனிந்து நமியின் குதிகாலை மட்டும் தொட்டீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் ஆசீர்வாதம் என்று நினைத்திருப்பார்கள்.

இசோகிச்சியைப் பற்றி உங்களிடம் நேரில் சொல்ல முடியவில்லை. வரும் வழியில் நடுக்கடலில் சொன்னேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டார். படகு சும்மா மிதந்தது. "அப்போ என் படகுல ஒண்ணும் நடக்கலையா?" என்று கேட்டார். நான் மடியில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அழுதாளே, அதாவது நிஜமா?" என்றார். நிஜம்தான், அத்தை கிள்ளினார்கள் என்றேன். "பச்சப் புள்ளைய கிள்ளினாங்களா?" என்றார். அவ்வளவுதான். துடுப்பை எடுத்துக் கரை வரை வலித்தார். உங்களை அக்கரைக்கு அழைத்துப் போகும்போதும் பேசியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

படகிலிருந்து இறங்கித் திரும்பியபோதுதான் முகப்பைப் பார்த்தேன். பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதிதாக நீல வண்ணத்தில் நமி என்று எழுதியிருக்கிறார். பிணம் ஏற்றும் படகு என்று யாரும் பக்கத்தில் கட்டாத படகுக்கு.

பத்து நாள் மீன் வரவில்லை. நேற்று காலை நானே படித்துறைக்குப் போனேன். வண்ணம் வாங்கித் தருகிறேன், பெயரை மாற்றிவிடுங்கள், எங்கள் பொய்யை நீங்கள் சுமக்க வேண்டாம் என்றேன். அவர் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "பெயிண்ட் காஞ்சு போச்சும்மா. இனிமே சுரண்டினா பலகைதான் போகும்." பிறகு, "அவளும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சிருப்பா" என்றார். இன்று கதவருகே ஒரு சின்ன மீன் இருந்தது. மிகச் சின்னது. ஆனால் முள் தொண்டையில் நிற்கவில்லை.

நீங்கள் எங்கே என்று கேட்பவர்களிடம் முழங்கால் என்று நான் சொல்வதில்லை. அக்கரையில் இருக்கிறார்கள் என்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். நேரம் பிடிக்கிறது, சொல்கிறேன்.

மாலையில் மெத்தை அறையில் விளக்கு வைக்கிறேன். தெரிகிறதா?

ஒன்றை எழுதி முடிக்கிறேன். இன்று மதியம் ஒசாகாவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. தேநீர் வைக்கும்போது ஒரு பெண் கேட்டாள்: "இந்தத் தீவுல யாரும் பொறக்கக் கூடாதாமே, நிஜமாவா?" மற்றவர்கள் சிரிக்கத் தயாராக என் முகத்தைப் பார்த்தார்கள். "நிஜம்தான்" என்று சொல்லிக் கிண்ணத்தை அவள் முன் வைத்தேன். என் காது சுட்டது. நீங்கள் அக்கரையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தும், திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

இக்குயோ